முதலில் மெயிலை நிறுத்துங்கள், வாடிக்கையாளரை அப்புறம் பார்க்கலாம்

ஷேர்டு ஹோஸ்டிங்கில் ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான இணையதளங்கள் இருக்கும். பல் டாக்டர், டிராவல்ஸ், கோயில் அறக்கட்டளை, டியூஷன் சென்டர், ஏற்றுமதி நிறுவனம் என்று யார் யாரோ. ஒருவரை ஒருவர் தெரியாது. ஆனால் அத்தனை பேருடைய மெயிலும் பெரும்பாலும் ஒரே ஐபி முகவரி (சர்வரின் இணைய எண்) வழியாகத்தான் வெளியே போகும். அவர்களில் ஒருவர் ஸ்பேம் அனுப்பத் தொடங்கினால், மறுமுனையில் இருக்கும் ஜிமெயிலோ அவுட்லுக்கோ அந்த ஐபி முகவரியைத்தான் முதலில் பார்க்கிறது. பெயர் கெடுவது அந்த முகவரிக்கு. அடி வாங்குவது அதன் பின்னால் இருக்கும் எல்லோரும்.

கோவையில் ஒரு சிறிய ஹோஸ்டிங் நிறுவனத்தில் பல வருடங்களாக அப்யூஸ் புகார்களை, அதாவது எங்கள் சர்வர்களிலிருந்து ஸ்பேம் போன்ற தொல்லைகள் போகின்றன என்று வரும் புகார்களை, கவனிப்பது என் வேலை. சர்வர்கள் ஜெர்மனியிலும் அமெரிக்காவிலும் வாடகைக்கு எடுத்தவை, வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் கொங்கு மண்டலத்துக்காரர்கள். ஒரு நாள் காலையில் திருப்பூரிலிருந்து பனியன் ஏற்றுமதி செய்யும் ஒருவர் கூப்பிட்டார். "தம்பி, ஜெர்மனிக்காரனுக்கு ராத்திரி அனுப்பின கொட்டேஷன் திரும்பி வந்துருச்சுங்க. இன்னிக்குள்ள போகலீன்னா ஆர்டர் வேற ஆளுக்குப் போயிரும்" என்றார். திரும்பி வந்த மெயிலைப் பார்த்தேன். 550 என்று தொடங்கும் மறுப்பு வரி, அதில் எங்கள் ஐபி முகவரி, ஸ்பேம் அனுப்பும் முகவரிகளைத் தொகுக்கும் ஸ்பாம்ஹவுஸின் தடைப்பட்டியலில் (பிளாக்லிஸ்டில்) இருப்பதாகக் குறிப்பு. அவர் ஒரு தவறும் செய்யவில்லை. அதே சர்வரில் இருந்த ஒரு கோச்சிங் சென்டரின் தளம் ஹேக் ஆகி, ராத்திரி முழுவதும் அங்கிருந்து யாரோ மருந்து விளம்பரம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அவருடைய மெயிலை மட்டும் வேறு ஐபி வழியாகத் திருப்பிவிட்டோம், கொட்டேஷன் போனது. ஆனால் அந்தக் காலையில் கூப்பிட்டவர் அவர் ஒருவர்தான். கூப்பிடத் தெரியாமல், மெயில் போய்விட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தவர்கள் எத்தனை பேரோ.

இந்த வேலையில் எனக்கு உறுதியாகப் படும் விஷயம் ஒன்று உண்டு. ஸ்பேம் போகிறது என்று தெரிந்தவுடன் ஹோஸ்டிங் நிறுவனத்தின் முன்னால் இரண்டு கேள்விகள் நிற்கின்றன. இந்த மெயிலை என்ன செய்வது என்பது ஒன்று. இந்த வாடிக்கையாளரை என்ன செய்வது என்பது இன்னொன்று. பல நிறுவனங்கள் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கின்றன. வாடிக்கையாளரை இழக்கக் கூடாது என்று நினைக்கிற நிறுவனம் டிக்கெட் போட்டு, பதிலுக்கு இரண்டு நாள் காத்திருக்கும். அதுவரை மெயில் போய்க்கொண்டே இருக்கும். பயந்துபோகிற நிறுவனமோ முதல் புகாரிலேயே அக்கவுண்ட்டை மொத்தமாக மூடிவிடும். பல் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட் பக்கமும் அதோடு சேர்ந்து மூடிக்கொள்ளும். மெயிலை நிறுத்த எந்த விசாரணையும் தேவையில்லை. வாடிக்கையாளரை நீக்குவது மட்டும் விசாரணை இல்லாமல் நடக்கக் கூடாது.

நிறுத்துவது ஒன்றும் பெரிய வித்தையும் இல்லை. சிபேனல் போன்ற மென்பொருளில் ஒரு டொமைன் மணிக்கு எத்தனை மெயில் அனுப்பலாம் என்று உச்சவரம்பு வைக்கலாம். ஒரு சாதாரண அலுவலகம் மணிக்கு நூறு மெயில் அனுப்புவதே அபூர்வம். அந்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை வர வேண்டும், மெயில் தானாக நிற்க வேண்டும். ஒரு அக்கவுண்ட்டின் வெளிச்செல்லும் மெயிலை மட்டும் பிடித்துவைக்கும் வசதியும் அதிலேயே இருக்கிறது. தளம் ஓடும், உள்ளே வரும் மெயில் வரும், வெளியே போவது மட்டும் வரிசையில் நிற்கும். இதைச் செய்ய யாரையும் கேட்க வேண்டியதில்லை, யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டியதும் இல்லை. தவறான எச்சரிக்கை என்று தெரிந்தால் பிடித்துவைத்ததை விட்டுவிடலாம், ஒரு மணி நேரத் தாமதத்தோடு போகும். போன ஸ்பேமைத் திரும்ப எடுக்க வழியே கிடையாது.

நிறுத்திய பிறகு வரிசையைத் திறந்து பார்க்க வேண்டும். லினக்ஸ் சர்வர்களில் எக்ஸிம் என்ற மெயில் நிரலின் வரிசையில் எத்தனை மெயில் நிற்கிறது என்று கேட்டால், சாதாரண நாளில் இருபது முப்பது என்று வரும். பிரச்சினை நாளில் ஆயிரக்கணக்கில் வரும். அனுப்புநர் இடத்தில் அந்தத் தளத்தின் பெயர், பெறுநர் இடத்தில் அகர வரிசையில் யாஹூ முகவரிகள். பாதி மெயில்கள் 'அப்படி ஒரு முகவரியே இல்லை' என்று திரும்பியவை. திரும்பிப் போக வேண்டிய முகவரியும் போலி என்பதால் அவை உறைந்துபோய் அங்கேயே கிடக்கும். ஒரு மெயிலின் ஹெட்டரைப் பிரித்தால் அதை அனுப்பியது எந்தக் கோப்பு என்று ஒரு வரி இருக்கும். தளங்களை இயக்கும் பிஎச்பி மொழியின் 5.3 பதிப்பில் வந்த வசதி இது, சர்வரில் இயக்கி வைத்திருந்தால் போதும். அந்தக் கோப்பைத் தேடிக்கொண்டு போனால், பெரும்பாலும் படங்கள் மட்டுமே இருக்க வேண்டிய அப்லோட்ஸ் ஃபோல்டருக்குள் யாரோ வைத்துவிட்டுப் போன ஒரு பிஎச்பி கோப்பு உட்கார்ந்திருக்கும். மாதிரிக்குச் சில மெயில்களை எடுத்து வைத்துக்கொண்டு மற்றதை அழித்துவிட வேண்டும். இந்த மாதிரிகள் முக்கியம். நாளைக்கு வாடிக்கையாளரிடம் பேசும்போதும், பிளாக்லிஸ்டில் இருந்து பெயரை எடுக்கச் சொல்லி எழுதும்போதும் கையில் ஆதாரம் இருக்க வேண்டும்.

இரண்டாவது கேள்வி இப்போதுதான் வருகிறது. யார் இவர்?

என் அனுபவத்தில் பெரும்பாலானவர்கள் ஹேக் செய்யப்பட்டவர்கள். வேர்ட்பிரஸ் தளத்தை யாரோ செய்து கொடுத்திருப்பார்கள், செய்தவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், பிளகின்கள் மூன்று வருடமாக அப்டேட் ஆகியிருக்காது. அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை இலவசமாக எங்கிருந்தோ இறக்கிப் போட்டிருப்பார்கள், பின்வாசல் அதற்குள்ளேயே வந்திருக்கும். இன்னொரு வகை, மெயில் பாஸ்வேர்டு திருடு போனது. அவிநாசியில் இருக்கும் கணக்குப் பிள்ளையின் மெயிலுக்குள் ஒரே மணி நேரத்தில் நான்கு நாடுகளில் இருந்து லாகின் ஆகியிருந்தால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை. இவர்களை ஸ்பேமர் என்று நடத்துவது அநியாயம். பாஸ்வேர்டை மாற்றி, அந்தக் கோப்பை எடுத்து, எந்த வழியாக உள்ளே வந்தார்கள் என்று பார்த்து, அந்த வழியை அடைத்த பிறகு மெயிலைத் திறந்துவிட வேண்டும். வழியை அடைக்காமல் கோப்பை மட்டும் அழித்தால் அடுத்த வாரமே அது திரும்பி வரும். அதே தளம் மூன்றாவது முறையும் ஹேக் ஆனால், சரிசெய்ய ஆள் வைக்கும்வரை அங்கிருந்து மெயில் போகாது என்று சொல்லிவிடலாம். அது தண்டனை அல்ல, பக்கத்தில் இருப்பவர்களுக்கான பாதுகாப்பு.

எனக்கு அதிகமாகப் பேச வேண்டியிருப்பது அடுத்த வகை ஆட்களிடம். இவர்கள் திருடர்கள் இல்லை. மனை விற்பவர், கோச்சிங் சென்டர் நடத்துபவர், மெஷின் டீலர். யாரோ ஒருவர் 'கோயம்புத்தூர் பிசினஸ் டேட்டா, ஒரு லட்சம் இ-மெயில்' என்று சில நூறு ரூபாய்க்கு எக்செல் கோப்பு விற்றிருப்பார். இவர் அதை வாங்கி மொத்தமாக அனுப்பிவிடுவார். நிறுத்தியதும் கோபமாகக் கூப்பிடுவார்.

"நான் என்ன சார் தப்பு பண்ணேன்? காசு குடுத்து வாங்கின டேட்டாங்க இது."

"அந்த டேட்டாவுல இருக்கிறவங்க உங்ககிட்ட மெயில் அனுப்பச் சொன்னாங்களா சார்?"

"விளம்பரம்னா அப்படித்தானுங்க. வேண்டாம்னா டெலீட் பண்ணிக்கட்டும்."

இந்தப் பேச்சில் அவர் பொய் எதுவும் சொல்லவில்லை. நோட்டீஸ் அச்சடித்துப் பேப்பருக்குள் வைத்து அனுப்பிப் பழகியவர். ஆனால் நோட்டீஸுக்கு அச்சுக்கூலியும் பேப்பர்காரர் கூலியும் அனுப்புகிறவர் கொடுக்கிறார். மெயிலில் அந்தச் செலவு வாங்குகிறவர் தலையிலும், நடுவில் இருக்கும் சர்வர்கள் தலையிலும், கூடவே அதே ஐபியில் இருக்கும் பனியன் ஏற்றுமதியாளர் தலையிலும் விழுகிறது. இதைப் பொறுமையாகச் சொன்னால் பாதிப் பேருக்குப் புரிகிறது. இன்னொன்றும் சொல்வேன். விலைக்கு விற்கும் பட்டியல்களில் பொறி முகவரிகள் கலந்திருக்கும். பிளாக்லிஸ்ட் நடத்துகிறவர்கள் அந்த முகவரிகளை எங்கும் பதிவுசெய்வதில்லை, யாருக்கும் கொடுப்பதுமில்லை. அதனால் அதற்கு ஒரு மெயில் வந்தாலே, அனுப்பியவர் யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு லட்சம் முகவரிக்கு அனுப்புகிறவர் அதில் மாட்டாமல் தப்புவது கஷ்டம்.

இந்த வகை ஆளுக்கு என் முறை இதுதான். பட்டியலை அழிக்க வேண்டும், இனி வாங்கிய பட்டியலுக்கு அனுப்ப மாட்டேன் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். உண்மையிலேயே கேட்டுச் சேர்ந்த வாடிக்கையாளர்கள் இருந்தால் அதற்கென்று இருக்கும் மெயில் சேவைக்குப் போகச் சொல்லலாம், அங்கே சேர்வதும் விலகுவதும் பதிவாகும். ஒரு வாய்ப்புத் தரலாம். இரண்டாவது முறை அதே பட்டியல் வந்தால் விடைகொடுத்துவிட வேண்டும். மூன்றாவது, நான்காவது வாய்ப்பு தரும் நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அது இரக்கம் மாதிரி தெரியும். அந்த இரக்கத்துக்கான விலையைக் கொடுப்பது மற்ற வாடிக்கையாளர்கள்.

கடைசி வகை, ஸ்பேம் அனுப்புவதற்காகவே வருகிறவர்கள். இவர்களைச் சேரும்போதே ஓரளவு கண்டுபிடிக்கலாம். டிஸ்க் எவ்வளவு, தளம் எவ்வளவு வேகமாகத் திறக்கும் என்றெல்லாம் கேட்க மாட்டார்கள். மெயில் வெளியே போகும் வழியான போர்ட் 25 திறந்திருக்கிறதா, எத்தனை ஐபி தருவீர்கள், அவை வெவ்வேறு தொகுதிகளில் இருக்குமா என்பதுதான் கேள்வி. கார்டில் ஒரு பெயர், அக்கவுண்ட்டில் இன்னொரு பெயர். நேற்று பதிவுசெய்த டொமைன்கள் பத்து. பல ஐபிக்களில் பரப்பி, ஒவ்வொன்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பினால் எந்த உச்சவரம்பும் தொடாது என்பது இவர்களுக்குத் தெரியும். பணம் பல சமயம் திருட்டுக் கார்டில் வந்திருக்கும், அடுத்த மாதம் வங்கி அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். இவர்களிடம் பேச ஒன்றுமில்லை. ஆதாரத்தை எடுத்து வைத்துக்கொண்டு அன்றைக்கே மூட வேண்டும்.

மூடுவதிலும் ஒரு கவனம் வேண்டும், அதற்கு ஒரு பழைய வழக்கு நல்ல பாடம். 1990-களின் நடுவில் அமெரிக்காவில் சான்ஃபோர்ட் வாலஸ் என்பவர் சைபர் புரமோஷன்ஸ் என்ற நிறுவனம் நடத்தினார். அந்தக் காலத்தில் அவரைவிடப் பெயர்பெற்ற ஸ்பேமர் இல்லை. அவருக்கு இணைப்புக் கொடுத்தது ஏஜிஐஎஸ் என்ற நிறுவனம். எதிர்ப்புகளைப் பொருட்படுத்தாமல் நெடுநாள் வைத்திருந்த அந்த நிறுவனம், 1997 செப்டம்பரில் திடீரென்று இணைப்பைத் துண்டித்தது. வாலஸ் நீதிமன்றம் போனார். ஒப்பந்தத்தில் 30 நாள் முன்னறிவிப்பு என்று இருந்தது, அதைக் கொடுக்கவில்லை. இணைப்பைத் தற்காலிகமாகத் திரும்பக் கொடுக்கும்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. உலகமே வெறுத்த ஒரு ஸ்பேமருக்கு, ஒப்பந்தத்தில் எழுதியிருந்த ஒரு வரியால், நீதிமன்றமே மறுபடி லைனைத் திறந்துவிட்டது. ஸ்பேம் அனுப்பினால் முன்னறிவிப்பின்றி மெயிலை நிறுத்துவோம், பணம் திரும்பக் கிடைக்காது என்று முதலிலேயே எழுதிவைக்காத நிறுவனம் பிறகு புலம்பிப் பயனில்லை. எங்கள் ஒப்பந்தத்தில் அந்த வரி இருக்கிறது, தமிழிலும் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுச் சேர்த்தேன்.

ஒப்பந்தம் எதிர்ப்பக்கமும் வளையும். 2000-ஆம் ஆண்டு ஏடி&டி நிறுவனம் நெவாடா ஹோஸ்டிங் என்ற வாடிக்கையாளரோடு செய்திருந்த ஒப்பந்தம் வெளியே கசிந்தது. ஸ்பேமில் விளம்பரம் செய்யப்படும் தளங்களை ஏடி&டி வலையமைப்பில் வைத்துக்கொள்ளலாம், ஸ்பேம் மெயில் மட்டும் வேறு எங்கிருந்தாவது போகட்டும் என்ற ஏற்பாடு அது. ஸ்பேமை அனுமதிக்க மாட்டோம் என்று வெளியே அறிவித்துக்கொண்டிருந்த அதே நிறுவனம், விற்பனைப் பிரிவின் மேசையில் அதற்கு விலக்கு விற்றிருந்தது. அம்பலமானதும் ஒப்புக்கொண்டு அந்த ஒப்பந்தத்தை முடித்துக்கொண்டார்கள். இந்த மாதிரி ஒப்பந்தங்களுக்கு அந்தத் துறையில் 'பிங்க் கான்ட்ராக்ட்' என்றே பெயர்.

என்னைப் பொறுத்தவரை ஒரு ஹோஸ்டிங் நிறுவனத்தின் யோக்கியதை தெரிவது இந்த இடத்தில்தான். அப்யூஸ் மேசையில் உட்கார்ந்திருப்பவர் ஒரு மெயிலை நிறுத்த சேல்ஸ் மேனேஜரிடம் அனுமதி கேட்க வேண்டுமா, வேண்டாமா? நான் முன்பு வேலை பார்த்த ஒரு இடத்தில் கேட்க வேண்டியிருந்தது. மாதம் பெரிய தொகை கட்டி, சர்வர் இடத்தை மொத்தமாக வாங்கி மற்றவர்களுக்கு விற்கும் ரீசெல்லர் என்றால் "கொஞ்சம் பொறுங்க, பேசிக்கலாம்" என்பார்கள். பொறுத்திருந்த நேரத்தில் மொத்த ஐபி தொகுதியும் பட்டியலில் ஏறியது. அந்த ரீசெல்லர் கட்டிய பணத்தைவிட, விலகிப்போன சின்ன வாடிக்கையாளர்களால் ஆன நஷ்டம் அதிகம். நிறுத்தும் அதிகாரம் அப்யூஸ் மேசைக்கு இருக்க வேண்டும், எந்த வாடிக்கையாளராக இருந்தாலும், ராத்திரி இரண்டு மணியாக இருந்தாலும். நீக்குவதா வேண்டாமா என்ற பேச்சில் சேல்ஸ்காரர் காலையில் வந்து சேர்ந்துகொள்ளட்டும்.

பிளாக்லிஸ்ட் நடத்துகிறவர்கள் முழுத் தொகுதியையும் பிடிப்பது எங்களைப் போன்றவர்களுக்கு வலிக்கும். ஆனாலும் அதில் நியாயம் இருக்கிறது. ஸ்டீவ் லின்ஃபோர்ட் 1998-இல் தொடங்கிய ஸ்பாம்ஹவுஸ் முதலில் ஒரு முகவரியைத்தான் பட்டியலில் போடும். ஹோஸ்டிங் நிறுவனம் கண்டுகொள்ளாமல் இருந்தால் அக்கம்பக்க முகவரிகளுக்கும், 256 முகவரிகள் கொண்ட மொத்தத் தொகுதிக்கும், அதற்கு மேலும் விரிக்கலாம். அங்கே பெயரை எடுக்கப் பணம் கேட்பதில்லை. பிரச்சினையை எப்படித் தீர்த்தீர்கள் என்று நிறுவனமே எழுதிச் சொல்ல வேண்டும். நான் எழுதிய பெரும்பாலான முறை, என்ன நடந்தது, எந்தக் கோப்பு, எப்போது நிறுத்தினோம் என்று ஒளிவுமறைவில்லாமல் எழுதினால் சீக்கிரமே வேலை முடிந்திருக்கிறது. 'வாடிக்கையாளரை எச்சரித்துவிட்டோம்' என்று மட்டும் எழுதினால் நகராது. எச்சரிப்பதால் மெயில் நிற்காது என்று அவர்களுக்கும் தெரியும்.

கீழே இருப்பவர் செய்யாவிட்டால் மேலே இருப்பவர் செய்வார் என்பதற்கு மெக்கோலோ கதையைவிடப் பெரிய சாட்சி இல்லை. கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில் சர்வர்களை வைத்திருந்த ஹோஸ்டிங் நிறுவனம் அது. அங்கிருந்து மெயில் நேரடியாகப் போகவில்லை. உலகம் முழுக்க வைரஸ் ஏறிய வீட்டுக் கணினிகளுக்கு 'இந்த ஸ்பேமை இவர்களுக்கு அனுப்பு' என்று உத்தரவு கொடுக்கும் சர்வர்கள் அங்கே இருந்தன. ஸ்ரிஸ்பி, ரஸ்டாக், மெகா-டி என்று அன்றைய பெரிய பாட்நெட்களின் (இப்படி உத்தரவுக்கு ஆடும் கணினிக் கூட்டங்களின்) தலை அங்கேதான். வாஷிங்டன் போஸ்ட் நிருபர் பிரையன் கிரெப்ஸ், பாதுகாப்பு ஆய்வாளர்கள் சேர்த்துவைத்திருந்த ஆதாரங்களை மெக்கோலோவுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனங்களிடம் காட்டிக் கேட்டார். 2008 நவம்பர் 11 அன்று ஹரிகேன் எலக்ட்ரிக், குளோபல் கிராஸிங் என்ற இரண்டு நிறுவனங்கள் இணைப்பைத் துண்டித்தன. சில மணி நேரத்தில் உலகத்தின் மொத்த ஸ்பேமில் சுமார் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துபோனதாக ஸ்பேம் வடிகட்டும் நிறுவனங்கள் கணக்குச் சொன்னன. எந்தச் சட்டமும் நீதிமன்றமும் அதைச் செய்யவில்லை. இரண்டு வயர்கள் பிடுங்கப்பட்டன, அவ்வளவுதான்.

அடுத்து நடந்ததை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். சில நாள் கழித்து, ஒரு வார இறுதியில், மெக்கோலோ ஒரு ரீசெல்லருடன் இருந்த பழைய ஏற்பாட்டின் மூலம் டெலியாசோனெரா வலையமைப்பு வழியாக மறுபடி இணையத்துக்கு வந்தது. புகார் போனதும் அதுவும் துண்டிக்கப்பட்டது. அதற்குள் கிடைத்த சில மணி நேரத்தில் ரஸ்டாக் தன் கணினிகளுக்கு ரஷ்யாவில் இருந்த புதிய சர்வரின் முகவரியைக் கொடுத்துத் தப்பித்தது. நடுவில் ஒரு ரீசெல்லர் இருந்தால், கடைசியில் யாருக்கு லைன் கொடுத்திருக்கிறோம் என்பதே பெரிய நிறுவனத்துக்குத் தெரியாமல் போகிறது. நம் ஊர் ஹோஸ்டிங் தொழிலே ரீசெல்லர்களால் ஆனது. ஒரு ரீசெல்லர், அவருக்குக் கீழே ஒரு வெப் டிசைனர், அவருக்குக் கீழே கடைக்காரர். புகார் இந்தப் படிகளில் இறங்கி முடிப்பதற்குள் மெயில் போய்முடிந்திருக்கும். அதனால் ரீசெல்லர் அக்கவுண்ட்களிலும் கடைசிப் படியில் இருக்கும் டொமைன் வரை உச்சவரம்பு ஓட வேண்டும். ரீசெல்லரே அதை ஏற்றிக்கொள்ள அனுமதிக்கக் கூடாது.

பெரிய கிளவுட் நிறுவனங்கள் இதை அடிமட்டத்திலேயே செய்துவிட்டன. கூகுள் கிளவுடில் வெளியே போகும் போர்ட் 25 பொதுவாக மூடியே இருக்கும். அமேசானில் கேட்டு வாங்க வேண்டும். ஜெர்மனியின் ஹெட்ஸ்னரில் புதிய கிளவுட் வாடிக்கையாளர் ஒரு மாதம் இருந்து, முதல் பில்லைக் கட்டிய பிறகுதான் திறக்கச் சொல்லிக் கேட்கலாம். இதனால் சொந்தமாக மெயில் சர்வர் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் சிரமப்படுகிறார்கள் என்பது உண்மை, அவர்களுடைய வருத்தம் எனக்குப் புரிகிறது. மெயில் என்பது நாலு பெரிய கம்பெனிகளின் சொத்தாகிவிடக் கூடாது. ஆனால் கேட்கிறவருக்கு ஒரு மனிதர் பதில் சொல்லி, எதற்கு என்று கேட்டு, நியாயமாக இருந்தால் திறந்துவிடும் ஏற்பாடு இருந்தால் இந்தப் பூட்டு சரியானதே. ஸ்பேமர் காத்திருக்க மாட்டார். அவருடைய திருட்டுக் கார்டின் ஆயுள் சில நாள்தான்.

புகார்களைக் கையாள்வதில் ஒரு விஷயத்தை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், பலர் தெரியாமலே கெடுதல் செய்துவிடுகிறார்கள். ஒவ்வொரு டொமைனிலும் 'அப்யூஸ்' என்ற பெயரில் ஒரு மெயில்பெட்டி இருக்க வேண்டும் என்பது 1997-இல் எழுதிய ஆர்எஃப்சி 2142 என்ற இணைய நெறிமுறை ஆவணத்திலேயே இருக்கிறது. அதற்கு வரும் புகாரை அப்படியே வாடிக்கையாளருக்கு ஃபார்வர்டு செய்வது பல நிறுவனங்களின் வழக்கம். புகார் செய்தவரின் முகவரி அதில் இருக்கும். ஸ்பேமர் என்ன செய்வார்? அந்த ஒரு முகவரியை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, மற்ற தொண்ணூற்றொன்பதாயிரத்துச் சொச்சம் பேருக்குத் தொடர்ந்து அனுப்புவார். புகார் நின்றுவிடும், ஸ்பேம் நிற்காது. நிறுவனம் பிரச்சினை தீர்ந்தது என்று டிக்கெட்டை மூடிவிடும். சில சமயம் புகார் செய்தவருக்கு மிரட்டலும் வரும். புகாரில் இருக்கும் முகவரியையும், அதை அடையாளம் காட்டக்கூடிய குறியீடுகளையும் எடுத்துவிட்டு, மெயிலின் சாரத்தை மட்டும்தான் வாடிக்கையாளருக்குக் காட்ட வேண்டும்.

"இது சட்டப்படி குற்றம் இல்லையே" என்று கேட்கிறவர்களும் உண்டு. சரிதான், பல இடங்களில் இல்லை. அமெரிக்காவின் 2003-ஆம் ஆண்டு கேன்-ஸ்பேம் சட்டம், முன்சம்மதம் இல்லாமல் விளம்பர மெயில் அனுப்புவதைத் தடுக்கவில்லை. பெயரை மறைக்காதே, விலக வழி கொடு, கேட்டவரைப் பத்து வேலை நாளுக்குள் எடுத்துவிடு என்றுதான் சொல்கிறது. இந்தியாவில் மெயில் ஸ்பேமுக்கென்று தனிச் சட்டம் கிடையாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் தொல்லை தரும் மெயில்களையும் தொட்ட 66ஏ பிரிவை, பேச்சுரிமையை மீறுகிறது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச்சில் ரத்து செய்தது. அந்தத் தீர்ப்பு சரியானதே, ஸ்பேமைத் தடுக்க அப்படியொரு சட்டம் நமக்கு வேண்டாம். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் 2018 விதிகள் எஸ்எம்எஸ்ஸுக்கும் போன் அழைப்புக்கும்தான். அதனால் மெயில் விஷயத்தில் வேலி என்று இருப்பது ஹோஸ்டிங் நிறுவனத்தின் ஒப்பந்தமும் அதைச் செயல்படுத்தும் ஆளும் மட்டும். சட்டம் தடுக்காததை எல்லாம் என் சர்வரிலிருந்து செய்ய அனுமதிக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் எனக்கு இல்லை.

பெரிய மெயில் நிறுவனங்களும் இப்போது இறுக்கிவிட்டன. 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் முகவரிகளுக்கு நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் அனுப்புகிறவர், மெயில் உண்மையில் அந்த டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றும் வைத்திருக்க வேண்டும், விளம்பர மெயிலில் ஒரே கிளிக்கில் விலகும் வசதி தர வேண்டும், ஸ்பேம் புகார் விகிதம் 0.3 சதவீதத்தைத் தொடக் கூடாது. ஆயிரத்துக்கு மூன்று பேர். வாங்கிய பட்டியலோடு அதற்குள் நிற்பதை நான் இன்னும் பார்க்கவில்லை. எக்செல் கோப்போடு வரும் மனை வியாபாரியிடம் இப்போது இதைத்தான் முதலில் சொல்கிறேன். நியாயம் பேசும்போது வராத கவனம் இந்த எண்ணைக் கேட்டதும் வந்துவிடுகிறது.

ஒருவரை நீக்குவது என்று முடிவாகிவிட்டால், அதையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும். காரணத்தை எழுத்தில் சொல்ல வேண்டும், ஆதாரமாக இரண்டு மெயில் மாதிரி இணைக்க வேண்டும். அவருடைய தளத்தின் கோப்புகளையும் டேட்டாபேஸையும் எடுத்துக்கொள்ள ஒரு வாரம் தர வேண்டும், மெயில் மட்டும் பூட்டியபடி. டொமைன் எங்களிடம் பதிவாகியிருந்தால் அதை வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்ளத் தடை போடக் கூடாது. டொமைனைப் பிணையாகப் பிடித்துவைத்துக்கொண்டு 'கிளீனிங் சார்ஜ்' கேட்கும் வழக்கம் நம் ஊரில் இருக்கிறது, அது ஸ்பேமைவிடக் கேவலமான காரியம். முடிவு தவறு என்று அவர் நினைத்தால், முடிவெடுத்த ஆள் அல்லாத இன்னொருவர் அந்த ஆதாரத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் இதற்கு ஒரு சீனியர் இருக்கிறார், நான் எடுத்த முடிவுகளில் சிலவற்றை அவர் மாற்றியும் இருக்கிறார். அப்படி மாறியபோதெல்லாம் மெயில் ஏற்கெனவே நின்றிருந்ததால், அவரும் வாடிக்கையாளரும் அவசரமில்லாமல் உட்கார்ந்து பேச முடிந்தது.